பொய் என்று யார் சொன்னது, மாயா?

அன்புள்ள மாயா,

உன் மின்னஞ்சல் வந்தது. வகுப்பில் ஒருவர் உன் பெயருக்குப் ‘பொய்த்தோற்றம்’ என்று பொருள் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், பதினெட்டு வயது நிரம்பியதும் முதல் வேலையாகப் பெயரை மாற்றிக்கொள்ளப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக மாற்றிக்கொள், பெயர் உன்னுடையது, தடுக்க நான் யார்? ஆனால் அரைகுறையாகப் படித்த ஒருவர் சொன்னதற்காக மாற்றாதே. வேறு நல்ல காரணம் கிடைத்தால் எனக்கும் சொல், நானே கூட வருகிறேன்.

அவர் நம்பியிருக்கும் சமஸ்கிருதத்திலிருந்தே தொடங்குவோம். ரிக் வேதத்தில் மாயா என்றால் வியப்பூட்டும் ஆற்றல், ஒன்றை உருவாக்கிக் காட்டும் திறமை. வருணனுக்கு அது உண்டு. இந்திரன் தன் மாயைகளால் பல வடிவங்கள் எடுக்கிறான் என்று ஆறாம் மண்டலம் சொல்கிறது. அசுரர்களிடம் இருக்கும்போது அதே ஆற்றல் சூழ்ச்சி ஆகிவிடுகிறது; யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அளத்தல் என்னும் பொருளுள்ள ‘மா’ என்ற வேரிலிருந்து அது பிறந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. பொய்த்தோற்றம் என்ற பொருள் வலுப்பெற்றதெல்லாம் பிற்காலத் தத்துவ விவாதங்களில்தான். அங்கேயும், பரம்பொருள் ஒன்றே உண்மை என்னும் அத்வைதிகள் மாயையை வெறும் பொய் என்று தள்ளிவிடவில்லை. உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதுதான் அவர்கள் நிலை. உன் வகுப்புத் தோழருக்கு இந்த நுட்பம் எட்டவில்லை போலும்.

சைவ சித்தாந்தம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அதில் மாயை பொய்யே இல்லை. உடலும் உலகமும் உருவாகும் மூலப்பொருள். உயிரை மூடியிருக்கும் இருட்டுக்கு ஆணவம் என்று பெயர். மாயை அந்த இருட்டில் உதவ வருவது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் எழுதிய குறள் இது: ‘விடிவாம் அளவும் விளக்கனைய மாயை வடிவாதி கன்மத்து வந்து.’ வினைக்கு ஏற்ப உடல் முதலிய வடிவங்களாக வந்து, விடியும்வரை விளக்கைப் போல நிற்பது மாயை என்கிறார். ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைப் பிணிக்கும் மும்மலங்களில் ஒன்றாக மாயையை எண்ணுகிற அதே மரபுதான் அதற்கு விளக்கின் வேலையையும் கொடுத்திருக்கிறது. இனி யாராவது சிரித்தால் இந்தக் குறளை முழுதாகச் சொல். பொருள் கேட்பார்கள். நிதானமாகச் சொல்.

சமஸ்கிருதத்தை விட்டுவிட்டு உன் எழுத்துகளைத் தமிழாகவே படித்துப் பார்த்திருக்கிறாயா? தமிழில் ‘மா’ என்பதற்குக் கருமை என்ற பொருள் உண்டு. மாநிறம் என்கிறோமே, அதில் அந்தச் சாயல் இருக்கிறது. காடும் காடு சார்ந்த நிலமுமான முல்லைக்குத் தொல்காப்பியம் சொல்லும் தெய்வம் மாயோன், கரிய நிறத்தவன். அவனுக்குப் பெண்பாலாக மாயோள் என்ற சொல் சங்கப் பாடல்களில் இருக்கிறது. குறுந்தொகையின் 132ஆம் பாட்டில் ஒருவன் தன் காதலியை எப்படி மறந்திருப்பேன் என்று கேட்கிறான். தாய்ப்பசுவைக் காணத் தவிக்கும் கன்றின் பார்வை அவளுக்கு என்கிறான். பாட்டு முடிவதே ‘மாஅயோளே’ என்ற சொல்லில்தான். கருமையைப் பார்த்து மயங்கி நிற்கும் பாட்டு அது. நிறத்தை வெளுக்க வைக்கும் களிம்புகளை விற்பவர்கள் படிக்க வேண்டியது. அது வேறு கதை.

இன்னொரு வேடிக்கை. மாய்தல் என்றால் அழிதல், இறத்தல். வாடாத மலரை வாடா மலர் என்பதுபோல, மாயாத புகழை மாயாப் புகழ் என்கிறோம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று உன் தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதியிருப்பார். அந்தக் கணக்கில் மாயா என்றால் அழியாத என்று பொருள். உன் பெயர் இந்த இலக்கணத்திலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை, வரவில்லை. ஆனால் தமிழ்க் காதில் அந்த ஒலி இப்படியும் விழும், அதை யாரும் தடுக்க முடியாது.

சமஸ்கிருதச் சொல் பயணம் போன இடங்களும் உண்டு. புத்தரின் தாய் பெயர் மாயா. லும்பினியில் அவரைப் பெற்று ஏழு நாட்களில் இறந்துபோனாள் என்பது பௌத்த மரபு. பிற்பாடு மகன் தேவருலகம் சென்று தாய்க்கு அறம் உரைத்தார் என்றும் சொல்வார்கள். அவள் பெயர் கடல் கடந்து ஜப்பான் வரை போனது: கோபே நகரத்துக்குப் பின்னால் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் மாயா மலை நிற்கிறது. அங்குள்ள கோயிலில் அவளுக்கு வழிபாடு நடக்கிறது. நேபாளி மொழியிலோ மாயா என்றால் அன்பு, காதல். ‘உன்னை நேசிக்கிறேன்’ என்பதற்கு அவர்கள் மாயா என்ற சொல்லைத்தான் எடுக்கிறார்கள். துறவிகள் அறுக்க நினைத்த பற்றுக்கும் குடும்பத்தில் இருப்பவர்கள் கொண்டாடும் பாசத்துக்கும் ஒரே பெயர்.

கிரேக்கத்து மையா தனிக் கதை. கிரேக்கப் புராணத்தில் அவள் அட்லஸின் ஏழு பெண்களில் மூத்தவள், ஹெர்மீஸ் என்னும் தெய்வத்தின் தாய். அந்தச் சகோதரிகளை வானில் ஏற்றி பிளையடீஸ் என்றார்கள். நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே நட்சத்திரக் கூட்டம்தான். அதில் ஒரு நட்சத்திரத்துக்கு இன்றும் மையா என்று பெயர். முருகனை வளர்த்த தாய்மாரை நாம் பார்த்த இடத்தில் அவர்கள் ஹெர்மீஸின் அம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். கிரேக்க மொழியில் அதே சொல்லுக்கு மருத்துவச்சி என்றும் பொருள் உண்டு. மருத்துவச்சியின் மகனான சாக்ரடீஸ், தானும் அந்தத் தொழிலையே செய்வதாகவும் தன்னிடம் பிரசவமாவது எண்ணங்கள் என்றும் சொல்வதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். ரோமானியர்களிடம் வேறொரு மையா இருந்தாள். ‘பெரிய’ என்று பொருள்படும் லத்தீன் வேரோடு தொடர்புள்ளவள். பிறகு இருவரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். மே மாதத்தின் பெயர் அவளிடமிருந்து வந்தது என்பார்கள். ரோமானியக் கவிஞர் ஓவிட் அதற்கு மூன்று விளக்கங்கள் எழுதிவிட்டு, எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிட்டார். கெட்டிக்காரர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடும் இணையதளங்கள் இவை அனைத்தையும் ஒரே பானையில் கொட்டி, ‘மாயா: அன்னை, நீர், மாயை, வசந்தம்’ என்று ஒரு வரியில் முடித்துவிடும். நீர் எங்கிருந்து வந்தது என்றால், ஹீப்ருவில் தண்ணீருக்கு மாயிம் என்று பெயர்; இஸ்ரேலில் பெண்களுக்கு மாயா என்று வைக்கும்போது பலர் அதை நினைக்கிறார்கள். ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் மாயா என்பது பெரும்பாலும் மரியாவின் செல்லச் சுருக்கம். மெக்சிகோவின் மாயர்கள் ஓர் இனம். யூகாத்தான் பகுதியில் மாயப்பான் என்ற பழைய நகரமும் உண்டு. நம் சொல்லோடு அவர்களுக்கு எந்த உறவும் இல்லை. மகாபாரதத்தில் மாளிகை கட்டிய மயன்தான் கப்பலேறி அங்கே போனான் என்று யாராவது காணொளி அனுப்பினால் அழித்துவிடு. மனித வாய்க்கு எளிதான ஒலிகள் கொஞ்சம்தான்; ம, ய இரண்டும் அதில் சேர்த்தி. ஒரே ஒலி பல ஊர்களில் தானாகவே முளைக்கும். உறவில்லாத இடத்தில் உறவு கட்டாமலிருந்தால்தான் உண்மையான உறவு கண்ணுக்குத் தெரியும்.

பிலிப்பைன்ஸில் மாயா ஒரு சின்னப் பறவை. 1995இல் கழுகு அந்த இடத்தைப் பிடிக்கும்வரை அதைத்தான் தேசியப் பறவை என்று சொல்லி வந்தார்கள். துருக்கியில் மாயா என்றால் மாவைப் புளிக்க வைக்கும் பொருள், பாலுக்கு ஊற்றும் உறை. முல்லா நஸ்ருதீன் ஒரு நாள் ஏரியில் உறை ஊற்றிக்கொண்டிருந்தாராம். ஏரி எங்காவது தயிராகுமா என்று கேட்டவர்களிடம், ‘ஒருவேளை உறைந்துவிட்டால்?’ என்றாராம். இதுவரை எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த மாயா இவர் கையில் இருந்ததுதான்.

இந்தப் பெயரைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். 1917இல் கீவ் நகரில் எலியனோராவாகப் பிறந்த ஒருவர் 1943இல் மாயா டெரன் ஆனார். சோதனைத் திரைப்படங்களில் அவர் பெயரைத் தவிர்த்துவிட்டு யாரும் பேச முடியாது. கவிஞர் மாயா ஏஞ்சலோவின் கதை இன்னும் எளிது. 1928இல் பிறந்த அவருக்கு வைத்த பெயர் மார்கரீட். அண்ணன் பெய்லி சிறு வயதில் ‘மை சிஸ்டர்’ என்று கூப்பிட முயன்றதில் பாதி உதிர்ந்து மாயா நின்றுவிட்டது. வேதமும் இல்லை, கிரேக்கமும் இல்லை.

உன் அப்பா உனக்கு ஏன் இந்தப் பெயரை வைத்தான் என்றும் கேட்டிருக்கிறாய். அதை நான் சொல்லமாட்டேன், அவனிடமே கேள். முதலில் பேச்சை மாற்றுவான், விடாதே. நான் மேலே எழுதிய எதையும் அவன் அன்றைக்குப் படித்திருக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அன்புடன்,
அத்தை