ரிப்பன் கட்டாத நீர்நாய்க்குட்டி

கும்பகோணம்,
ஆடி 5

அன்புத் தோழிக்கு,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். இத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம். அவருடைய முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, குறுவை நட்டாகிவிட்டது, பெரியக்கா அதே வீட்டில் அதே வழக்கோடு இருக்கிறாள்.

இந்த நான்கு மாதங்களாக என் மாலை நேரம் முழுவதும் ஒரு நீர்நாய்க்குட்டியிடம் போய்விட்டது. பேத்தி தன் நோட்டுப் புத்தகங்களில் ஒட்டுவதற்கு ஒரு விலங்குப் படம் வரைந்து தரச் சொன்னாள். கடையில் கிடைக்கும் கரடியும் பூனையும் வேண்டாம், நம் ஊர் விலங்காக இருக்கட்டும் என்று யோசித்தபோது, நாம் எட்டாம் வகுப்பில் அணைக்கரைக்குப் போன அன்று கொள்ளிடத்து மணல் திட்டில் ஒன்றன்மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்த அந்தக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. (அன்று நீ தொலைத்த செருப்பைப் பற்றி இந்தக் கடிதத்திலும் எழுத மாட்டேன் என்று உறுதி தருகிறேன்.)

மருமகன் தன் பழைய மடிக்கணினியில் படம் வரைய உதவும் ஜிம்ப் என்னும் மென்பொருளை ஏற்றி, எழுதுபலகை போன்ற ஒரு டேப்லெட்டையும் அதற்குரிய பேனாவையும் வாங்கித் தந்தார். 1995-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள் அது. இன்றுவரை காசு கேட்காமல் கிடைக்கிறது. முதல் வாரம் பேனா ஓரிடத்திலும் கோடு இன்னோரிடத்திலும் ஓடுவதாகவே தோன்றியது. கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்தபடி வரையப் பழகிய பின், பேனாவை அழுத்தினால் கோடு தடிப்பதும் இளக்கினால் மெலிவதும் கோலமாவை விரலிடுக்கில் விடுவதைப் போலவே இருப்பதைக் கண்டுகொண்டேன்.

முதல் படத்தில் நீர்நாய் எப்படி இருக்குமோ அப்படியே வரைந்தேன்: நீண்ட உடல், சின்னக் கண்கள், தட்டையான தலை. பேத்தி அதைப் பார்த்துவிட்டுப் பெருச்சாளியா என்று கேட்டாள். படத்தில் ஒரு விலங்கைக் கண்டதும் அள்ளிக் கொஞ்சத் தோன்றுவதற்கு என்ன காரணம் என்று தேடிப் படித்தேன். ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே அதை எழுதியிருக்கிறார்: உடலுக்கு மிஞ்சிய பெரிய தலை, உயர்ந்து புடைத்த நெற்றி, முகத்தின் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னங்கள், குட்டையாகத் தடித்த கைகால்கள். குழந்தைக்குரிய இந்த அளவுகள் எந்த உயிரிடம் தென்பட்டாலும் நம் மனம் இளகுகிறது என்பது அவர் கருத்து. படித்து முடித்ததும் எழுந்து போய், அத்தை செய்த தஞ்சாவூர்ப் படத்தில் வெண்ணெய்க் குடத்தோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணனின் முன்னால் நெடுநேரம் நின்றேன். அந்த உருண்டை முகமும் அகன்ற கண்களும் மடிப்பு விழுந்த கைகளும் அவர் சொன்ன அளவுகளேதாம். நம் ஊர்ச் சித்திரக்காரர்கள் இதைக் கையால் அறிந்து, எத்தனையோ தலைமுறைகளாகச் செய்துவந்திருக்கிறார்கள்.

அத்தையின் வேலையை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால், ஜிம்ப்பில் படத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிரித்து வரையும் லேயர்கள் என்னும் அடுக்குகள் எனக்கு எளிதில் பிடிபட்டன. பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு, பிறகு கோடு, கல், தங்க ரேக்கு, வண்ணம் என்று அடுக்கடுக்காக ஏறும் படம் அது. ரேக்கு ஒட்டிய பிறகு கோட்டைத் திருத்த முடியாது என்று அத்தை எங்களைப் பக்கத்திலேயே விட மாட்டாள். இங்கே பென்சில் கோடுகள் ஒரு லேயர். அதை மங்கலாக்கிவிட்டு அதன்மேல் தெளிவான கோடுகள் இன்னொரு லேயர். அவற்றின் கீழே நிறம். நிறம் உள்ள இடத்தைத் தாண்டித் தூரிகை போகாதபடி லேயரைப் பூட்டிவிட்டால், எவ்வளவு வேகமாகத் தீட்டினாலும் வெளியே சிந்தாது. நிழலுக்குத் தனி லேயர் வைத்து அதை மல்டிப்ளை முறைக்கு மாற்றினால், கீழே இருக்கும் பழுப்பு நிறம் அழியாமல் கருமை மட்டும் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கண்மணியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அவற்றை வைத்த கணத்தில் குட்டிக்கு உயிர் வந்துவிட்டது. நம் டிராயிங் மாஸ்டர் படத்தைக் கண்ணாடியில் காட்டிக் கோணலைக் கண்டுபிடிக்கச் சொல்வாரே, அதற்கும் இங்கே ஒரு வழி உண்டு. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தேன். இடது கன்னம் வீங்கியிருந்தது தெரிந்தது.

அச்சுக்குக் கொடுத்தபோது மட்டும் மனம் நொந்தேன். திரையில் பளபளத்த ஆற்று நீலம் தாளில் அழுக்கு நீலமாக வந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. ஒளியால் இயலும் எல்லா நிறமும் மையால் இயலாது. கடைக்காரர் இதை முன்கூட்டியே சொல்லவில்லை. நீலத்தைத் தணித்து மறுபடியும் அடித்தேன்.

இப்போது உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிந்த அன்று பேத்தி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் வரையச் சொன்னாள். வரைந்தேன், அழகாகத்தான் இருந்தது. உடனே, "அம்மாச்சி, இது மாதிரி ஒன்று நம் வீட்டில் வளர்க்கலாமா?" என்று கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளிநாடுகளில் இப்படிக் கொஞ்சத் தோன்றும் படங்களையும் காணொளிகளையும் பார்த்து நீர்நாய்க்குட்டி வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெருகி, ஆற்றிலிருந்து குட்டிகளைப் பிடித்து விற்கும் வியாபாரமே வளர்ந்திருக்கிறது. அதனால்தான் 2019-இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள், நம் ஆற்றில் இருக்கும் இந்த இனத்தையும் சிறுநக நீர்நாயையும் பன்னாட்டு வாணிகத்துக்கு முற்றிலும் தடையுள்ள பட்டியலில் சேர்த்தன. நான் கண்ணைப் பெரிதாக்கியதும் மூக்கைக் குறுக்கியதும் ஒரு பொய்தானே, அந்தப் பொய்க்கு ரிப்பனும் கட்டிவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மறுநாள் அந்த ரிப்பன் லேயரை அழித்துவிட்டேன். குட்டியின் வாயில் துடிக்கும் ஒரு கெண்டையை வைத்தேன். சங்கப் பாட்டில் வாளை மீனை நாளிரையாகக் கொள்ளும் உயிரல்லவா அது! பின்னால் மணல் திட்டும் நாணலும், தாயும் தகப்பனும் இன்னும் இரண்டு குட்டிகளும் வந்தன. தனியாக இருந்தால்தானே வீட்டுக்கு அழைத்துவரத் தோன்றும். பேத்தி முதலில் அழுதாள். பிறகு ஒவ்வொரு குட்டிக்கும் பெயர் வைத்தாள். கண்களைச் சிறிதாக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை. அது சரியா என்று இன்னும் குழம்புகிறேன்.

உன் கொழுந்தன் வலையைக் கிழித்துவிட்டதென்று நீர்நாயைத் திட்டுவதாக முன்பு எழுதியிருந்தாய். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நம் எல்லோரையும்விட அதை அதிகம் பார்த்தவர் அவர்தான். படத்தின் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வால் இவ்வளவு தட்டையாக இருக்கலாமா, மீனைக் கவ்வும்போது மீசை முன்னால் வருமா, தொண்டைக்குக் கீழே உள்ள வெளிர் நிறம் எதுவரை இறங்கும் என்று அவரிடம் கேட்டு எழுது. லேயர்களை ஒன்றாகச் சேர்க்காமல் தனித்தனியாகவே வைத்திருக்கிறேன். அவர் எதைச் சொன்னாலும் திருத்திவிடலாம்.

உன் அன்புள்ள,
மூன்றாம் பெஞ்சுக்காரி