புயல்: மொட்டை மாடியை இன்றே பாருங்கள்

குடியிருப்பினர் அனைவருக்கும் வணக்கம். நாளை புயல் காற்று பலமாக இருக்குமாம். மொட்டை மாடியில் கிடக்கும் பூந்தொட்டி, பழைய தகரம், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் மாலைக்குள் கீழே இறக்கிவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி மூடியைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்திருந்தால் மேல்தளத்து வீடுகளில்தான் ஒழுகும் (மூன்றாம் மாடிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்!).

வண்டிகளைத் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தாதீர்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று புயலின் கண் (அதன் நடுப்பகுதி) கடந்தபோது காற்று அடங்கியது. அப்புறம் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. காற்று நின்றதும் வெளியே ஓடிவர வேண்டாம்.

அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் 94987 94987 என்ற எண்ணில் மின்னகத்துக்கு (மின்வாரியப் புகார் மையம்) சொல்லுங்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறினால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவோம், லிஃப்ட் ஓடாது.