ஆர்டர் கையில இருக்கு, காசு எங்க? சட்ட அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் சட்ட அமைச்சுல முடிவெடுக்குற எடத்துல இருக்குறவங்களுக்கு வணக்கம்ங்க.

நான் வக்கீல் இல்ல. ஞாயித்துக்கெழமன்னா தேக்கா பக்கம் உக்காந்து நம்ம ஊரு தம்பிங்களுக்கு ஃபாரம் நெரப்பிக் குடுத்து, வர்ற இங்கிலீஷ் லெட்டர படிச்சு சொல்ற ஆளு, அவ்ளோதான். ஒரு தம்பி கதை மட்டும் சொல்றேன், அறந்தாங்கி பக்கத்து ஆளு, நாலு மாச சம்பளம் பாக்கி, மீடியேஷன்ல, அதான் சமரசப் பேச்சுல, கம்பெனிக்காரன் பிடி குடுக்கல, சம்பளத் தகராற விசாரிக்குற வேலை கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போயி ஜெயிச்சான். 2017ல அந்த மன்றம் வந்தது நல்ல விஷயம்தான், 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் கேக்கலாம், வக்கீலே வேண்டாம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஜெயிச்சும் காசு வரல. கேஸுக்காக இங்க தங்க குடுக்குற ஸ்பெஷல் பாஸ்ல வேலையும் பாக்க முடியாது, எத்தன நாளு அடுத்தவன் சோத்துல ஒக்கார்றது, ஊருக்குக் கெளம்பிட்டான். போறப்ப மன்றம் குடுத்த அந்த ஆர்டர நாலா மடிச்சு நகைக்கடை கவர்ல போட்டு பாஸ்போர்ட்டோட சொருகுனத நான் பாத்தேன்.

இப்ப அந்த ஆர்டர வச்சு காசு புடிக்கணும்னா அவனேதான் கோர்ட்டுல மனு போடணும். ஊர்ல நோட்டரி முன்னாடி கையெழுத்து, தமிழ்ல இருக்குற பேப்பருக்கு மொழிபெயர்ப்பு, இங்க ஒரு வக்கீல், அது இதுன்னு கூட்டிப் பாத்தா வர்ற காசுல பாதி அதுக்கே போயிரும். வசதி இல்லாதவங்களுக்கு சட்ட உதவி பண்ற அரசாங்க லீகல் எய்ட் பியூரோ 1958லேந்து இருக்கு, ஆனா குடிமக்களுக்கும் பிஆருக்கும் (நிரந்தரவாசிக்கும்) தான். இவன் ரெண்டுமே இல்ல.

நாடு ஒண்ணும் சும்மா இல்லங்க, அதையும் சொல்லணும். ஒரு நாட்டுப் பத்திரத்த இன்னொரு நாடு ஏத்துக்குறத சுலபமாக்குற அப்போஸ்டில் ஒப்பந்தம் 2021 செப்டம்பர்லேந்து இங்க நடப்புல இருக்கு, வெளிநாட்டுக்கு கோர்ட்டு பேப்பர் அனுப்புற ஹேக் ஒப்பந்தம் 2023 டிசம்பர்லேந்து. ரெண்டுலயும் இந்தியா முன்னாடியே இருக்கு. ரோடு போட்டாச்சு, சரி, பஸ்ஸுக்கு காசு இல்லாதவன் என்ன பண்ணுவான்?

ஐரோப்பாவுல இத யோசிச்சிருக்காங்க. எல்லை தாண்டுன வழக்குக்கான சட்ட உதவி விதிய 2003லேயே கொண்டாந்தாங்க, சட்டப்படி குடியிருக்குற வெளிநாட்டுக்காரனுக்கும் அது உண்டு, வக்கீல் மட்டும் இல்ல, மொழிபெயர்ப்பு செலவு, நேர்ல வந்துதான் ஆகணும்னா பயணச் செலவு வரைக்கும். நீதித்துறை ஒத்துழைப்புக்கும் பயிற்சிக்கும்னு 2021லேந்து 2027 வரைக்கும் தனியா ஒரு திட்டம், சுமார் 30 கோடி யூரோ. அவங்க கணக்கு வேற, நம்ம கணக்கு வேற, தெரியும். நான் கேக்குறது அதுல துளி.

வெளிநாட்டுக்காரனுக்கு எப்படி குடுக்குறதுன்னு கேப்பீங்க. ஏற்கெனவே குடுக்குறீங்களே! பிள்ளைய நாடு தாண்டி தூக்கிட்டுப் போற கேஸுல குடிமகனா பிஆரான்னு பாக்காம சட்ட உதவி கெடைக்க வழி இருக்கு. அதே கதவ சம்பளக் கேஸுக்கும் கொஞ்சம் தொறங்க. காசுக்கு லெவி இருக்கு, அதான் வெளிநாட்டு ஆள வேலைக்கு வைக்க முதலாளி அரசாங்கத்துக்கு கட்ற வரி, இவன மாதிரி கன்ஸ்ட்ரக்ஷன் தம்பி ஒருத்தனுக்கு மேல்திறன்னா மாசம் 500 வெள்ளி, அடிப்படைத் திறன்னா 900 வெள்ளி கட்றாரு. அதுலேந்து கொஞ்சம் ஒதுக்கி, ஆர்டர் வாங்கிட்டு ஊருக்குப் போனவங்களுக்காக இங்கேயே மனு போட, நோட்டரி செலவக் குடுக்க, தமிழும் வங்காளமும் தெரிஞ்ச ரெண்டு பேர வையுங்க. அவ்ளோதான் கேக்குறேன்.

போன வாரமும் அந்த அறந்தாங்கி தம்பி வாய்ஸ் நோட் போட்டிருந்தான், பின்னாடி பஸ் ஹாரன் சத்தம். "அண்ணே, அந்த பேப்பர் மடிப்புல கிழிய ஆரம்பிச்சிருச்சு, லேமினேட் பண்ணிட்டா செல்லுமா?"ன்னு கேக்குறான். நான் இன்னும் பதில் போடல.