எக்ஸாஸ்ட் ஃபேன் காற்று எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொலு பொம்மைக்கும் குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் இருந்தது.

நவராத்திரிக்கு முன் பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கினோம். திறந்ததும் குப்பென்று பூசண வாடை. செட்டியார் பொம்மைக்குச் சுற்றியிருந்த பழைய பேப்பர் (உங்கள் நாளிதழ்தான்) அவர் தொப்பையோடு ஒட்டிக்கிடந்தது. மெல்ல உரித்தால் பெயிண்டும் சேர்ந்து வருகிறது. வேட்டியில் போன வருஷத்துச் செய்தி ஒன்று இடம் வலமாகப் பதிந்திருந்தது. என் மாமியார் காலத்துப் பொம்மை அது.

தளம் ஒழுகுகிறதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் புரட்டாசியில் பாளையங்கோட்டையில் ஏது அப்படி மழை? பக்கத்து வீட்டுப் பையன் டார்ச்சோடு பரணில் ஏறிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இங்கன ஒரு வெள்ளிக் குழாய் வாயைத் திறந்துக்கிட்டுக் கெடக்கு” என்றான்.

விஷயம் இதுதான். மாடிப்படி கட்டியதில் குளியலறை வெண்டிலேட்டர் அடைபட்டுப் போனது. அதற்குப் பதிலாக ஃபேன் போடச் சொன்னோம். வந்தவர் மடிப்பு மடிப்பான குழாயைப் பரணுக்குள் விட்டதோடு சரி. காற்று எங்கே போகும் என்று கேட்டதற்கு, “அதுபாட்டுக்குப் போயிரும் டீச்சர்” என்றார். ஃபேன் சத்தம் கேட்டதும் நானும் நம்பிவிட்டேன். ஒரு வருஷமாக எங்கள் வெந்நீர் ஆவியையெல்லாம் குடித்தவர் செட்டியார்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் குளிக்கும் இடம் புறவாசலில் இருக்கும். ஓட்டு இடுக்கு வழியாக ஆவி தானே போய்விடும். இப்போது படுக்கையறைக்குள் குளியலறை, அதற்குள் கீசர். நெல்லை வெயிலுக்கு ஈரம் எங்கே நிற்கும் என்கிறோம். பரணுக்குள் வெயில் ஏது?

அப்புறம் வேறு ஆளைக் கூப்பிட்டோம். மடிப்புக் குழாய் காற்றைத் தடுக்கும் என்று கழற்றிப்போட்டார். ஃபேன் வாய் அளவுக்கே நேரான பிவிசி குழாய் போட்டு, பரண் வழியாகச் சுவரைத் துளைத்து வெளியே விட்டார். குழாய் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்கிறது, உள்ளே ஆவி குளிர்ந்து நீரானாலும் வெளியில்தான் சொட்டும். மேற்குச் சுவர் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அவர் வேண்டாம் என்றார். “ஆனி ஆடி மேல்காத்து தெரியாதா டீச்சர்? கயத்தாத்துல கரண்டு எடுக்குற காத்தாடியச் சுத்துற காத்து, இந்தச் சின்ன ஃபேனு அதை எதுத்துத் தள்ளுமா?” வடக்குச் சுவரில் விட்டு, முனையில் கீழ்நோக்கி ஒரு எல்போ (வளைவுக் குழாய்), அணில் நுழையாமல் வலை. கொசுவலை போட்டால் தூசி சேர்ந்து அடைத்துக்கொள்ளுமாம்.

எல்லாம் முடித்துக் கதவைச் சாத்தி, ஃபேன் முகத்தில் ஒரு தாளை வைத்தார். நிற்கவில்லை, விழுந்தது. கதவைத் திறந்தால் ஒட்டிக்கொண்டது. உள்ளே காற்று வந்தால்தானே வெளியே போகும்! கதவின் அடியில் அரை அங்குலம் அறுத்த பிறகு, சாத்தினாலும் தாள் நின்றது. குளித்து முடித்து இருபது நிமிஷம் ஓடவிடுகிறோம்.

நான் கணக்கு டீச்சர். அதனால் ஒரு கணக்கு. எங்கள் குளியலறை 5 அடிக்கு 8 அடி, உயரம் 7 அடி, ஆக 280 கன அடி. மணிக்கு 8 தடவை காற்று மாற வேண்டும் என்று வைத்தால் 2,240 கன அடி, அதாவது சுமார் 63 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். குழாயும் வளைவும் கொஞ்சம் தின்றுவிடும், அதனால் ஒன்றரை மடங்காகப் பார்த்து வாங்கலாம்.

காஸ் கீசரைக் குளியலறைக்குள் வைத்திருப்பவர்கள் மட்டும் ஃபேன் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடக் கூடாது. அடைத்த அறையில் ஃபேன் இழுக்கும்போது எரிந்த புகை அறைக்குள்ளேயே திரும்பலாம். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாடை கிடையாது. கீசரை வெளியே மாற்றிவிடுங்கள்.

வீட்டு வரைபடத்தில் வெண்டிலேட்டருக்கு ‘வி’ என்று ஓர் எழுத்துப் போடுகிறார்கள். என்ஜினீயர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த ‘வி’க்கு அந்தப் பக்கம் வானம் இருக்கிறதா, மாடிப்படி இருக்கிறதா என்று பார்க்கட்டும். உங்கள் வீடு கட்டும் பக்கத்தில் இதை எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை