அண்ணனை நடக்க விடு, லெட்சுமி

சுங்கை சிப்புட்

அன்புள்ள லெட்சுமி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி படிவம் ஐந்தை முடித்துவிட்டாள் என்பதில் சந்தோஷம். ஆனால் அண்ணனைப் பற்றி நீ எழுதியதைத்தான் மறுபடி மறுபடி படித்தேன். மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, யாரோடும் பேச்சில்லை, குளிக்கப் போகவே பயப்படுகிறார் என்கிறாய். நீயும் தண்ணீர்கூட இருக்கிற இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறாயாம். கோபித்துக்கொள்ளாதே, அதை நிறுத்து.

எனக்கும் அதே சி.ஓ.பி.டி.தானே, மூச்சுக்குழாய் சுருங்கி இரைக்க வைக்கும் அந்த நாள்பட்ட நுரையீரல் நோய். டாக்டர் முதலில் சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷக்கணக்காக மூடிய அடுப்படியில் விறகுப் புகையைச் சுவாசித்தாலும் இது வருமாம். தோட்டத்து லய வீட்டில் நாம் ஊதாத அடுப்பா!

இந்த நோயில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பாடு. பயந்தால் மூச்சு வேகமாகும். பழைய காற்று முழுதாகப் போவதற்குள் அடுத்த மூச்சு வந்து அதன்மேல் ஏறும். நெஞ்சு இறுகும், பயம் கூடும். சரி, அசையாமல் இருப்போம் என்று உட்கார்ந்தால் கால் சதை வற்றிப்போகும். அப்புறம் வாசல்வரை நடப்பதற்கே இரைக்கும். நாலு பேர் முன்னால் இரைக்குமே என்ற வெட்கத்தில் நான் கோயிலுக்குப் போவதையே விட்டிருந்தேன். காரணமே இல்லாமல் அழுகை வரும். வயசாகிவிட்டது என்றார்கள் எல்லாரும். இந்த நோய்க்காரர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் சகஜம் என்று நுரையீரல் நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பயிற்சியில்தான் தெரிந்துகொண்டேன்.

அங்கே முதலில் 6 நிமிட நடைச் சோதனை. விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப் மாட்டி, நம் வேகத்தில் நடக்கவிட்டுத் தூரத்தை அளப்பார்கள். நின்று இளைப்பாறலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நடை, உட்கார்ந்து எழுதல், சின்ன எடை தூக்கல். எல்லாம் முடிந்து மறுபடி மூச்சு அளக்கும் கருவியில் ஊதிப் பார்த்தால் நுரையீரல் கணக்கு பழையபடியேதான் இருந்தது! ஆனால் நான் இப்போது பசாருக்கு நடந்து போய் வருகிறேன், வழியில் வம்பும் பேசுகிறேன். தேறியது காலும் தைரியமும்தான். எனக்கு அதுவே போதும்.

அண்ணனுக்கும் இப்படிப் பயிற்சி உண்டா, எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் கேள். அவர் சரி என்றால் வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கட்டும். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடணும். இரைப்புக்கு 0 முதல் 10 வரை மார்க் போடச் சொல். 3, 4 வரை இருந்தால் பயமில்லை, நடக்கலாம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தணும். புகைமூட்டம் வந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம், வீட்டுக்குள் நடந்தால் போதும். நீ கூடவே நட, ஆனால் "முடியுதா, முடியுதா" என்று கேட்டுக்கொண்டே இருக்காதே. அந்தக் கேள்விக்கே எனக்கு மூச்சு வாங்கும்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு பேரும் வந்தால் நம் வீட்டில்தான் தங்கணும். அவர் மாட்டேன் என்று அடம்பிடித்தால் எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

உன்
பாக்கியம்