ரெகே வாசிக்கும் மகனுக்கு

அன்புள்ள மகன்,

உங்கள் ஆட்கள் ரெகே என்ற ஜமைக்கா நாட்டு இசையை வாசிக்கிற பதிவை நீ வட்ஸ்அப்பில் அனுப்பினாய், அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன், அம்மா குசினிக்குள் இருந்து "போதும் நிப்பாட்டுங்கோ" என்று கத்துகிற வரைக்கும். பாட்டு தொடங்கும்போது உன் கிற்றார் சரியான இடத்தில்தான் விழுகிறது. நாலைந்து சுற்றுப் போனதும் நீ கம்பிகளைச் சட்டென்று அடித்து நிறுத்தி வெட்டுகிற இடமே உனக்குத் தாளத்தின் அடியாக மாறிவிடுகிறது, அதனால்தான் கோர்டை, அந்தச் சுரக்கூட்டை, மாற்றும்போது ஒரு எண்ணிக்கை முந்திவிடுகிறாய், பாடுகிற பொடியனும் தடுமாறுகிறான். "எனக்குத் தாளமே வராது போல அப்பா" என்று எழுதியிருந்தாய். விசர்க்கதை. இந்தப் பாட்டில் உனக்கு முதலாவது எண்ணிக்கையைத் தட்டிக் காட்ட ஆளில்லை, அவ்வளவுதான்.

நம்முடைய கூத்தை யோசித்துப் பார். நான் வடமோடிக் கூத்துக்குச் சல்லரி என்ற கைத்தாளம் போட்ட காலத்தில் மத்தளம் ஒரு பக்கம் இழுக்கும், ஆட்டக்காரரின் சதங்கை ஒரு பக்கம் இழுக்கும், பக்கப்பாட்டுக்காரர் நித்திரைத் தூக்கத்தில் ஒரு பக்கம் இழுப்பார்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் எங்கெங்கோ போய்ச் சுற்றி வருவார். சல்லரி மட்டும் அசையக்கூடாது. கூத்துக் களரியில் தாளத்தில் இடம் தவறினவன் சல்லரியைக் கேட்டால் போதும், திரும்பி வந்துவிடுவான்.

ரெகேயில் அந்தச் சல்லரி இல்லை. நீ வாசிக்கிற பாட்டு 'ஒன் ட்ராப்' வகை, அதில் நாலு எண்ணிக்கையில் முதலாவதை ட்ரம்ஸ்காரர் வேண்டுமென்றே காலியாக விட்டுவிட்டு மூன்றில்தான் பெரிய ட்ரம்மை அடிப்பார், கிற்றார் இரண்டிலும் நாலிலும் வெட்டும். ஒன்று எங்கே என்று சத்தமாகச் சொல்ல அங்கே யாரும் இல்லாதபடியால் உன் காது தன் பாட்டுக்கு உன் வெட்டையே ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதே பாட்டைச் சிலர் பாதி வேகத்தில் எண்ணுவார்கள், அவர்கள் கணக்கில் கிற்றார் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் விழும். இரண்டுமே சரிதான், ஆனால் ஒரே மேடையில் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணினால் சண்டைதான் வரும். உங்களுடைய ட்ரம்ஸ்காரர் எப்படி எண்ணுகிறார் என்று முதலில் கேள்.

பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படித்தாயே, ஆதி தாளத்தில் அரை இடம் தள்ளி எடுக்கிற பாட்டு ஞாபகம் இருக்கிறதா? கை முதலில் தொடையில் விழும், அரை எண்ணிக்கை கழித்துத்தான் வாய் திறக்கும். பிள்ளைகள் எல்லாரும் செய்கிற வேலை, வாய் திறக்கிற நேரத்துக்குக் கையைப் பிந்தவைப்பது. நீ ரொறன்ரோவில் செய்வதும் அதேதான். வெட்டை எண்ணாதே. அடியை எண்ணு, வெட்டு இடையில் தானாக விழட்டும்.

கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு நட. கால் வைக்கிற ஒவ்வொரு தரமும் 'த-க-தி-மி' என்று நாலு சொல்லையும் ஒரே அளவாகச் சொல்லு. கால் 'த'வில் விழவேண்டும், 'தி' வரும்போது கையைத் தட்டு. 'தி' இரண்டு அடிக்கும் நட்டநடுவில் இருக்கிறது, உன் வெட்டு அங்கேதான். ஒன்றிலும் மூன்றிலும் கால் வைக்கிறாய் என்று எடுத்தால் 'தி' இரண்டிலும் நாலிலும் வந்து நிற்கும், பாதி வேகத்தில் எண்ணினால் அடிகளுக்கு இடையில் நிற்கும், எப்படி எண்ணினாலும் இது பிழைக்காது. வாய் சொல்வதை நிறுத்தாதே, நிறுத்தினால் கால் உடனே கையோடு போய்ச் சேர்ந்துவிடும்.

அது பிடிபட்ட பிறகு போனில் மெற்றோனோமை, அந்தத் தாளம் தட்டுகிற கருவியை, வை. கிற்றார் இரண்டிலும் நாலிலும் வெட்டுகிற கணக்கில் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 160 என்றால் 80இல் வை, வருகிற டிக் ஒவ்வொன்றையும் 'தி' என்று நினை, உன் கால் சத்தமில்லாத இடத்தில் விழவேண்டும். கொஞ்ச நேரத்தில் டிக் அடியாகத் திரும்பிவிடும், எல்லாருக்கும் திரும்பும். திரும்பினது தெரிந்த உடனே நிப்பாட்டி முதலில் இருந்து தொடங்கு, நடுவில் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் போகாதே, அந்த ஒட்டு மேடையிலும் வரும்.

நம்முடைய ஊர் ஆட்டப் பாட்டான பைலாவை வாசிக்கப் போனால் இந்தத் தகதிமி சரிவராது. அது ஆறு எண், 'தகிட தகிட' என்று ஓடும், இங்கே நம்முடைய பறங்கியர் ஆடுகிற கஃப்ரிஞ்ஞாவும் அந்தக் குடும்பம்தான். 'தகிட'வில் மூன்று சொல்தான், இரண்டு அடிக்கும் நட்டநடுவில் ஒரு சொல்லும் விழாது, ஆகவே அங்கே உன் கை வேறு விதமாகப் பழகவேண்டும். அதை இப்போது தொடாதே, இரண்டும் கலந்துவிடும்.

அடுத்த பதிவில் கிற்றார் வேண்டாம். போனைத் தரையில் வைத்து, கால் விழுகிற சத்தமும் தகதிமியும் மட்டும் கேட்கிற மாதிரி அனுப்பு. சப்பாத்தோடு நட, காலுறையோடு நடந்தால் எனக்கு ஒன்றும் கேட்காது.

அன்புடன்,
அப்பா
ஆரையம்பதி