‘அட்டகாசம்’ என்று போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

யானைகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கின்றன என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியை வெட்டி வைத்திருக்கிறேன். எட்டே வரி. அன்றைக்கே மாவட்டச் செய்திப் பக்கத்தில் ‘வால்பாறையில் காட்டு யானைகள் அட்டகாசம்’ என்று இன்னொன்று. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த எட்டு வரியில் விட்டுப்போனதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 2024 ஜூனில் மைக்கேல் பார்டோவும் அவருடன் வேலை செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வு அது. கென்யாவில் அம்போசெலியிலும் சம்புருவிலும் 1986 முதல் 2022 வரை பதிவான 469 அழைப்புகளை எடுத்துக்கொண்டார்கள். எந்த யானை, எந்த யானையைக் கூப்பிட்டது என்று தெரிந்த அழைப்புகள் மட்டும். அதற்கு ஒவ்வொரு யானையையும் காது மடலின் கிழிசலைப் பார்த்தே இன்னார் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த உழைப்பைப் பற்றி ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

உறுமலை மட்டும் வைத்து, கூப்பிடப்பட்டது யார் என்று கணினி 100-க்கு 27 தடவைக்கு மேல் சரியாகச் சொன்னது. குறைவாகத் தோன்றும். குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் 8 தான் தேறியிருக்கும். அப்புறம் 17 யானைகளுக்கு ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். தன்னைக் கூப்பிட்ட குரல் என்றால் யானை சீக்கிரமாகக் கிட்டே வந்தது, சீக்கிரமாகப் பதில் கொடுத்தது. கூப்பிட்ட அதே யானை வேறொரு யானையைக் கூப்பிட்ட குரலுக்கு அந்த அவசரம் இல்லை. டால்பின்கூட இன்னொரு டால்பினை அழைக்க அதன் சீழ்க்கையையேதான் திருப்பி அடிக்கும். யானை அப்படி அடுத்த யானையின் குரலைப் போலவே ஒலித்துக் கூப்பிடுவதாகத் தெரியவில்லை. அந்த உறுமலில் எந்தத் துண்டு பெயர் என்பது மட்டும் ஆய்வாளர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதையும் சொல்லியிருந்தால் படிக்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் யோசிக்க ஆரம்பித்திருப்பார்.

அவை ஆப்பிரிக்க யானைகள், எங்கள் மலையில் இருப்பது வேறு இனம். சரிதான். ஆனால் நம் காதுக்கு எட்டாத உறுமல் யானைக்கு உண்டு என்று முதலில் தெரியவந்தது ஆசிய யானைகளிடம்தான். 1984-ல் அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் நின்ற கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளருக்குக் காற்று அதிர்வது போல இருந்தது. சின்ன வயதில் தேவாலயத்தில் ஆர்கன் குழாய்க்குப் பக்கத்தில் நின்று பாடும்போது உணர்ந்த அதே அதிர்வு. அந்த நினைவைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் கண்டுபிடித்தார். இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தேயிலைக்குள் யானைக்கூட்டம் சத்தமில்லாமல் நிற்கும், ஆனால் நெஞ்சுக்குள் ஏதோ நடுங்கும். பயத்தில் வருவது என்பார் அம்மா. பயமும் இருந்திருக்கும். அது மட்டும்தானா என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

யானை மேல் எங்களுக்குக் கோபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லைன் வீட்டு ஜன்னலை உடைத்து ரேஷன் அரிசியை இழுத்த தும்பிக்கையைக் கண்ணால் பார்த்தவள் நான். பக்கத்து எஸ்டேட்டில் உயிரே போயிருக்கிறது. அந்த வீட்டாரின் துக்கத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அட்டகாசம் என்றால் வேண்டுமென்றே செய்கிற வம்பு. பகலெல்லாம் சோலைத் துண்டில் நின்றுவிட்டு, இருட்டியதும் குட்டிகளை நடுவில் விட்டு அடுத்த சோலைக்குத் தேயிலை வழியே நடக்கிற குடும்பத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. தேயிலை நடுவதற்கு முன்னால் இரண்டு சோலையும் ஒரே காடு.

யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் சொல்வதும், சிவப்பு விளக்கு எரியவைப்பதும் வால்பாறையில் பல வருடமாக நடக்கின்றன. அதற்காக நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் ஆனந்தகுமாருக்கு 2015-ல் வனவிலங்குப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது. யானையின் நடமாட்டம் தெரிந்தால் ஆள் தப்பிக்கலாம் என்பதுதான் அந்த ஏற்பாடே.

அதனால் அடுத்த முறை எங்கள் ஊர் யானைச் செய்தி வரும்போது அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எத்தனை யானை, குட்டி இருந்ததா, எந்தச் சோலையில் இருந்து எந்தப் பக்கம் போயின என்று போடுங்கள். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வால்பாறை